ஈரத் துணியும் ஈசியூ பெட்டியும்

திருமலைப் பாதையில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் காரில் ஏறியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வளைவுக்கு ஒன்றாக வண்டிகள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும். ஓட்டுநர் ஒரு பழந்துணியை நீரில் நனைத்து, எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிக்கொண்டிருப்பார். பின் இருக்கையில் பாட்டி கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருப்பார். கால் மணி நேரம் கழிந்ததும் வண்டி இருமிக்கொண்டே புறப்படும். புறப்படச் செய்தது துணியா, நாமமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் வெகுகாலம் நடந்தது. தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

அறிவியல் விளக்கம் எளியது. அந்நாளைய கார்களில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. ஏற்றத்தில் வண்டி மெல்ல நகரும், காற்றோட்டம் குறையும், எஞ்சினின் சூடு பம்புக்கும் குழாய்க்கும் ஏறும். குழாயினுள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை உறிஞ்சப் பழகிய பம்பு ஆவியை உறிஞ்சித் தோற்கும், கார்புரேட்டர் வறண்டுபோகும். இன்றைய கார்களில் பம்பு பெட்ரோல் தொட்டியின் உள்ளேயே மூழ்கியிருந்து, ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தத்தில் எரிபொருளை முன்னே தள்ளுகிறது. அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் எளிதில் கொதிக்காது. ஆகவே மலைப்பாதையில் இன்று திறந்த பானெட்டுகளைக் காண்பது அரிது. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட காலம் முதல் ஓட்டுநர்கள் சுமந்த ஒரு கவலை, நாம் கவனிக்காமலேயே நம் வாழ்விலிருந்து விலகிவிட்டது.

இந்தப் பழங்கதையை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சித்தூரில் வாழும் என் அக்காள் மகன் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தான். அவனுடைய தந்தை மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் 1996இல் வாங்கிய கார், ஏபி 03 என்ற பழைய சித்தூர்ப் பதிவு எண்ணோடு, வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. 1300 சிசி எஞ்சின், கார்புரேட்டர் பொருத்தியது. அதை விற்க அக்காளுக்கு மனமில்லை. துருப்பிடிக்க விடப் பையனுக்கு மனமில்லை.

“மாமா, இந்தக் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு எம்பிஎஃப்ஐ போடலாம் என்றிருக்கிறேன். இல்லாவிட்டால் பந்தயக் கார்களில் இருப்பதுபோல இரட்டை வெபர் கார்புரேட்டர். எது போட்டால் வேகம் கூடும்? வங்கியில் தனிநபர் கடன் கேட்கலாமா?”

நான் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சின்மீதுள்ள பித்து அதற்கும் முந்தியது. இரு தகுதிகளையும் கருதித்தான் கேட்டிருப்பான். உடனே விடை சொல்லாமல், வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

ஊகிப்பதும் அளப்பதும்

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு குறித்த அளவில் கலந்தால்தான் எரியும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மிகுந்த ஆற்றல் வேண்டுமெனில் காற்றைச் சற்றுக் குறைத்து 12.5 முதல் 13 வரை வைக்க வேண்டும். சிக்கனம் வேண்டுமெனில் 15க்கு மேல் போகலாம். எஞ்சினைச் செம்மைப்படுத்துதல் என்று நாம் சொல்வதில் பாதி, இந்த விகிதத்தை ஒவ்வொரு நிலையிலும் சரியாக வைப்பதுதான். மறு பாதி, தீப்பொறி விழும் நேரம்.

கார்புரேட்டர் இவ்விகிதத்தை ஊகித்து அமைக்கிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே செல்லும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அவ்வழுத்தக் குறைவே மிதவை அறையில் உள்ள பெட்ரோலை ஒரு நுண்துளை வழியே மேலிழுத்துத் தூவுகிறது. அத்துளைதான் ஜெட். மின்சாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோல். 1893இல் ஜெர்மனியின் மேபாக் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார். ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும் அதே ஆண்டில் தம்முடையதற்கு உரிமம் கோரினர். அதன்பின் நூறாண்டு உலகம் ஓடியது இந்த எளிய உபாயத்தின்மேல்தான். அதை இயற்றியவர்களை வணங்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு குறை பிறவியிலேயே உண்டு. கழுத்தைக் குறுக்கினால் குறைந்த சுற்றில் எஞ்சின் இதமாக இழுக்கும். மிகு சுற்றில் மூச்சுத் திணறும். கழுத்தை அகற்றினால் மேலே பறக்கும், கீழே முக்கும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். மேலும் அது காற்றின் கன அளவை உணர்கிறதே தவிர, எடையை உணர்வதில்லை. வெயிலில் காற்று லேசாகும், மலையில் லேசாகும், கார்புரேட்டருக்கு அது தெரியாது.

மின்னணு ஊட்டம் ஊகிப்பதில்லை, அளக்கிறது. காற்றுக்குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சினின் சுற்று, குளிர்நீரின் சூடு, நாம் மிதிக்கும் அளவு ஆகியவற்றை உணரிகள் சொல்ல, ஈசியூ எனப்படும் சிறு கணினி ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய தெளிப்பான் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரி, எரிந்தது சரியா தவறா என்று திரும்பச் சொல்கிறது. தவறெனில் அடுத்த நொடியே திருத்தம். 1967இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் ஃபோக்ஸ்வாகன் 1600இல் வந்தது. 1976இல் ஆக்சிஜன் உணரி வால்வோ கார்களில் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த நாளே கார்புரேட்டரின் அந்திப்பொழுது எனலாம்.

அறுபத்தைந்தும் எண்பத்தைந்தும்

நம் நாட்டில் எம்பிஎஃப்ஐ என்ற சொல் மக்கள் வாயில் ஏறியது 1998 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ அதைக் கொண்டே அறிமுகமானது. தலைநகர் வட்டாரத்தில் மாசு விதிகளை விரைந்து நடைமுறைப்படுத்துமாறு 1999இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், மாருதியின் கார்களும் ஒவ்வொன்றாக மாறின. அப்போதுதான் ஒரு நம்பிக்கை வேரூன்றியது: எம்பிஎஃப்ஐ போட்டால் வேகம் கூடும். சான்றும் கண்முன் இருந்தது. கார்புரேட்டர் எஸ்டீமின் திறன் 65 குதிரைத்திறன். எம்பிஎஃப்ஐ எஸ்டீமுக்கு 85. ஜென் காருக்கு 50 என்பது 60 ஆயிற்று.

என் மருமகனும் இந்த எண்களைத்தான் காட்டினான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. அதே மாற்றத்தின்போது அவ்வெஞ்சின்களின் தலைப்பகுதியும் மாறியது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு இருந்த இடத்தில் நான்கு வந்தன. எட்டு வால்வு எஞ்சின் பதினாறு வால்வு எஞ்சின் ஆயிற்று. கூடிய இருபது குதிரைகளில் பெரும்பாலானவை அந்த வால்வுகளின் வழியே நுழைந்தவை. பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததோ எம்பிஎஃப்ஐ. புகழ் முழுவதும் அதற்குப் போயிற்று. சமையற்காரர் உழைக்கப் பரிமாறியவர் பாராட்டு வாங்கியதுபோல.

முழு மிதியில், ஒரே சுற்றில், நன்றாக அமைக்கப்பட்ட கார்புரேட்டருக்கும் மின்னணு ஊட்டத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. சில வேளை கார்புரேட்டர் ஒரு விரற்கடை முந்துவதும் உண்டு. வால்வுக்கு வெகு முன்னரே பெட்ரோல் கலந்து ஆவியாவதால் காற்று குளிர்ந்து அடர்த்தி பெறுகிறது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைக் கார்கள் 2011 வரை கார்புரேட்டரோடுதான் ஓடின. 2012இல்தான் மின்னணு ஊட்டத்துக்கு வந்தன. மணிக்கு 300 கிலோமீட்டர் ஓட அதுவே போதுமானதாக இருந்தது.

அப்படியானால் மின்னணு ஊட்டத்தின் மேன்மை எங்கே? உச்சத்தில் அன்று, இடைப்பட்ட நிலைகளில். காலையில் முதல் சாவியில் உயிர்பெறுவது, பாதி மிதியில் தடுமாறாமல் இழுப்பது, ஏப்ரல் வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஒன்றுபோல் நடப்பது, புகை குறைப்பது. பந்தய ஓட்டுநர் வளைவிலிருந்து வெளிவரும்போது மிதியை மெல்லத் திறக்கிறாரே, அந்த நொடியில்தான் பந்தயம் வெல்லப்படுகிறது. அங்கே அளப்பவர் ஊகிப்பவரை வெல்வார்.

சோழவரத்துக் கைகள்

இருப்பினும் தமிழகத்தின் கார்ப் பந்தயக் கலை வளர்ந்தது ஊகிப்பவரின் கையில்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தியது. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கு அது எட்டிய தொலைவுதான். பியட் 1100, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்கள் அங்கே பந்தயக் கார்களாயின. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். கடையில் கிடைக்காததைப் பட்டறையில் செய்ய வேண்டியிருந்தது.

ஒரே கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் ஊட்டும்போது நடுவில் உள்ளவை மிகுதியாகவும் ஓரத்தில் உள்ளவை குறைவாகவும் பெறும். அதைத் தீர்க்கவே இத்தாலியின் வெபர் போன்ற இரட்டைக் குழல் கார்புரேட்டர்கள் இரண்டைப் பக்கவாட்டில் பொருத்தி, சிலிண்டருக்கு ஒரு குழல் என்று கொடுப்பது உலகெங்கும் பந்தயக்காரர் வழக்கம். அதைச் செம்மைப்படுத்துபவர் கழுத்தின் அகலம், பிரதான ஜெட், காற்று ஜெட், இவற்றுக்கிடையே உள்ள துளைக்குழாய், சும்மா ஓடும்போது ஊட்டும் ஜெட், மிதித்தவுடன் பீச்சும் சிறு பம்பு என ஆறேழு பொருள்களை ஒன்றோடொன்று பொருத்தி வைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். வீணையில் சுதி சேர்ப்பவர்களுக்கு இது புரியும்.

1990இல் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்தன. அதற்கு முன்பே 1988இல் கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியிருந்தார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். செல்வம் குறைந்தவரும் போட்டியிடலாம். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் உருவாக்கிய அந்த வகைப் பந்தயத்தில் கால் பதித்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். செட்டிப்பாளையத்துப் பந்தயத்தளம் இன்று கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவான ஒரு சிறு எஞ்சினை நம்பி இத்தனை நடந்திருக்கிறது என்பதை, குதிரைத்திறனை மட்டுமே எண்ணும் இளைஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவர்கள் கேட்பதில்லை.

சித்தூர் மேஸ்திரி

வண்டியை எடுத்துக்கொண்டு சித்தூரில் ஒரு பழைய மேஸ்திரியிடம் சென்றோம். தெலுங்கில் திட்டி, தமிழில் சமாதானம் சொல்லும் மனிதர். எல்லையோர ஊர்களுக்கே உரிய பண்பு அது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

“பெட்ரோல் போதவில்லை சார். இப்போது வருகிற பெட்ரோலுக்கு இந்த ஜெட் பற்றாது” என்றார்.

பட்டறை அறிவுக்கும் வேதியியலுக்கும் இவ்வளவு பொருத்தம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்று நாம் நிரப்புவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய அதன் எடையைப்போல் ஒன்பது மடங்கு காற்று போதும். கலவைக்குக் கணக்கிட்டால் 14.7 என்பது ஏறத்தாழ 13.5 ஆகிறது. அதாவது, பழைய அளவில் பெட்ரோல் தூவும் கார்புரேட்டர், எஞ்சினுக்குத் தேவையைவிட எட்டு விழுக்காடு குறைவாக ஊட்டுகிறது. மின்னணு ஊட்டமுள்ள காரில் ஆக்சிஜன் உணரி இதைக் கண்டு ஓரளவு திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. எஞ்சின் சூடேறும், இழுவை குறையும். நாமோ வண்டிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவோம். வீட்டில் பழைய கார்புரேட்டர் கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர்க் குழாய்களையும் சேர்த்து; எத்தனால் அவற்றை மெல்ல அரிக்கும்.

மேஸ்திரியிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம். பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பாமல், புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் உணரியும் முகப்பில் அதன் அளவுமானியும் பொருத்துவோம் என்றோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு தம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்கேனரை எடுத்துக் காட்டினார். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்டுக் கடன் வாங்கி வாங்கியதாம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதி வந்தபின், சத்தியவேடு அருகே உள்ள ஹீரோ ஆலையில் இருந்து வரும் மோட்டார் சைக்கிள் வரை ஏறத்தாழ எல்லாமே மின்னணு ஊட்டத்துக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தே பிழைத்த பட்டறைகளில், கருவி வாங்கிக் கற்றுக்கொண்டவை நிற்கின்றன; மற்றவை பஞ்சர் ஒட்டுகின்றன. “நாற்பது வருடம் காதால் கேட்டேன். இனிமேல் கண்ணாலும் பார்க்க வேண்டியிருக்கிறது” என்றார் அவர்.

அளவுமானி காட்டும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். சரியான எரிப்புக்கு 1. அதற்குக் கீழே போனால் பெட்ரோல் மிகுதி. முழு மிதியில் 0.88 அளவில் இருந்தால் நல்ல இழுவை. சந்திரகிரிச் சாலையின் சமவெளியில் ஓட்டியபோது 0.96 காட்டியது. மேஸ்திரியின் சொல் மெய்யாயிற்று. பிரதான ஜெட் 120 எண். அதாவது துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 125 போட்டார். விட்டத்தில் கூடியது நான்கு விழுக்காடு. துளையின் பரப்பில் எட்டரை. எத்தனால் பறித்ததை அது திருப்பிக் கொடுத்துவிட்டது. அளவுமானி 0.88க்கு வந்தது. பழைய ஜெட்டையே நுண்ணிய துரப்பணத்தால் குடைந்து பெரிதாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அது வேண்டாம். துளையின் விளிம்பு கெட்டுவிட்டால் எண்ணுக்கும் ஊட்டத்துக்கும் உறவே இராது.

பம்பை எஞ்சினிலிருந்து அகற்றி, தொட்டிக்கருகே ஒரு மின்பம்பும், மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாயும் அமைத்தோம். கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமல் தடுக்கும் தடிப்பான பட்டை ஒன்று. தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்தோம். இவ்வளவுதான். கடன் தேவைப்படவில்லை, மருமகனின் ஒரு மாத ஊதியத்திற்குள் அடங்கிற்று.

மலை சொன்ன கணக்கு

அக்காளையும் ஏற்றிக்கொண்டு ஐந்து பேராகத் திருமலைக்குப் புறப்பட்டோம். இம்மலைப்பாதை வேகம் காட்டும் களமன்று. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேவஸ்தானத்தின் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஐந்து பேர் ஏறிய பழைய வண்டிக்கு, இரண்டாம் கியரில் மெல்லப் போனாலும் செங்குத்தான இடங்களில் முழு மிதி தானே வேண்டியிருக்கும். அதுவே நமக்குப் போதும்.

கீழே 0.88 ஆக இருந்த எண், உச்சியை நெருங்கியபோது 0.85 ஆகியிருந்தது. திருமலை கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிட ஆறேழு விழுக்காடு குறைவு. காற்று இளைத்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதில் ஏறக்குறைய பாதியளவே குறைக்கிறது. மிச்சம் வீண். 1,265 மீட்டர் உயரமுள்ள ஹார்ஸ்லி மலைக்குப் போனால் இன்னும் மிகுதியாகும். ஒருவாரம் முன்பு என்னுடைய புதிய காரில் இதே பாதையில் ஏறியபோது, ஸ்கேனரில் கண்ட கலவை கீழும் மேலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் அதன் இழுவையும் மேலே சற்றுக் குறைந்துதான் இருந்தது. இல்லாத காற்றை எந்தக் கணினியும் உண்டாக்கித் தர முடியாது.

வளைவுகளில் ஒருமுறைகூட வண்டி நிற்கவில்லை. அக்காள் மட்டும் பையில் ஒரு பழந்துண்டை வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

கடன், காப்பீடு, சட்டம்

இனி மருமகனின் முதல் கேள்விக்கு வருவோம். புதிதாக ஒரு வேகமான கார் வாங்குபவர் கார்புரேட்டரைப் பற்றி எண்ணவே தேவையில்லை, கிடைக்கவும் கிடைக்காது. எஞ்சினையே முழுதும் பிரித்து, கேம் ஷாஃப்ட் மாற்றி, பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு மின்னணு ஊட்டமே தகும். அங்கே சுற்றும் சுமையும் பதினாறு பதினாறாக வகுத்த அட்டவணையில் 256 கட்டங்கள் உண்டு; 3,500 சுற்றில் ஒரு தடுமாற்றம் இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தலாம். ஜெட்டில் அது முடியாது. அதே அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தவறாகக் குறைத்தால் பிஸ்டன் உருகுவதும் உண்டு; ஆகவே எண்களை மாற்றித் தருகிறோம் என்போரிடம், அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆனால் நன்றாக ஓடும் எட்டு வால்வு எஞ்சினில் கார்புரேட்டரை மட்டும் எடுத்துவிட்டு மின்னணு ஊட்டம் பொருத்துவதற்குக் கடன் வாங்குவது, என் கருத்தில், வட்டிக்கு வாங்கிய ஏமாற்றம். பெரும் செலவுக்குக் கிடைப்பது ஒருசில குதிரைகள். இரட்டை வெபரோ, நகரச் சாலையில் பெட்ரோல் குடிக்கும். சரிசெய்யத் தெரிந்த கையும் அருகில் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் எஞ்சினைத் தொடும் எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள். கடன் நிலுவையில் உள்ள வண்டி எனில் கடன் தந்த வங்கியின் ஒப்புதலும் வேண்டும். அவ்வண்டி கடனுக்கு ஈடாக நிற்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றம் செய்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அந்த மௌனம் நமக்கெதிராகப் பேசும்.

பழைய வண்டியை வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த தனியார் காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு செய்ய வேண்டும். இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அதன் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். ஐம்பது ஆண்டு கடந்து, முதல் அமைப்பு மாறாதிருக்கும் கார்களுக்கு 2021 முதல் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அப்பதிவை எதிர்பார்த்திருப்பவர்கள் எஞ்சினை மாற்றிவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது. எங்கள் வண்டிக்கு அந்த வயது வர இன்னும் இருபது ஆண்டு உண்டு. மருமகன் அதையும் கணக்கில் வைத்திருக்கிறான்.

இறங்கும்போது ஓட்டியது அவன்தான். ரேணிகுண்டாவுக்கு அருகே கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி ஆலை இருப்பது நினைவுக்கு வர, ஒன்றைச் சொல்லி வைத்தேன். பேட்டரி இறந்துபோனால் மின்னணு ஊட்டமுள்ள கார் தள்ளினாலும் கிளம்பாது. பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியோ, நாலு பேர் தள்ளினால் உயிர்த்துவிடும். “இப்போது நாமும் மின்பம்பு வைத்துவிட்டோமே மாமா” என்றான். உண்மைதான், மிதவை அறையில் மிச்சம் பெட்ரோல் இருக்கும்வரைதான் அந்தப் பெருமை செல்லும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தந்தையின் பழைய சர்வீஸ் குறிப்பேட்டை எடுத்தான். எண்ணெய் மாற்றிய நாள், டயர் வாங்கிய விலை எல்லாம் அவர் கையெழுத்தில் 1996 முதல் வரிசையாக இருந்தன. கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதினான்: பிரதான ஜெட் 125, சந்திரகிரி 0.88, திருமலை 0.85.